அந்தப் பாய் எங்கள் வீட்டுப் பாய் இல்லை

கியோஜா, 5 பிப்ரவரி 1889

மதிப்புக்குரிய ஓவியர் எஜிதியோ மராங்கோன் ஐயா அவர்களுக்கு,

முதலில் நாற்காலி. போன செப்டம்பரில் எங்கள் வாசலில் என்னை உட்காரவைத்து வரைந்துவிட்டுப் புறப்படும்போது, "நாற்காலி மட்டும் பாக்கி இருக்கும்மா, வெனிசுக்குக் கொண்டுபோய் வரைஞ்சுட்டு அடுத்த வாரமே அனுப்பிடறேன்" என்று சொல்லி, என் அம்மா விட்டுப்போன வைக்கோல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். தவக்காலமே வரப்போகிறது, நாற்காலி வரவில்லை. அப்பா மீன்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்துதான் பொலெந்தாக் களி சாப்பிடுகிறார்.

இரண்டாவது விஷயம் நாற்காலியைவிடப் பெரியது. மிலானிலிருந்து வரும் படப் பத்திரிகை ஒன்று எங்கள் ஊர் முடிவெட்டும் கடைக்கு வந்தது. அதில் ஒரு முழுப்பக்கத்துக்கு நான். "வாசலில் பாய் தைக்கும் பெண்" என்று கீழே போட்டிருக்கிறார்கள். முகம் என் முகம், வாசல் எங்கள் வாசல். மடியில் கிடக்கும் படகுப் பாய் மட்டும் எங்களுடையது இல்லை. அன்று நான் தைத்தது எங்கள் சேவல் பாயை. படத்தில் இருப்பதோ நட்சத்திரம் போட்ட பாய். அது பென்ஸோ வீட்டுப் பாய்.

நீங்கள் நிலத்துக்காரர். திரெவீசோ பக்கம் சோளம் விதைக்கிற குடும்பம் என்று சொன்னீர்கள். அதனால் சொல்கிறேன். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் பாயில் ஒரு குறி உண்டு. கரையில் நிற்கிறவள் தூரத்திலேயே தன் வீட்டு ஆள் வருகிறானா என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். ஒரு பெண் இரண்டு வீட்டுப் பாயில்தான் ஊசி வைப்பாள். ஒன்று அப்பா வீட்டுப் பாய், இன்னொன்று கட்டியவன் வீட்டுப் பாய். அடுத்த வீட்டுப் பாய் என் மடியில் கிடந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்.

பென்ஸோ வீட்டு மூத்தவர் ஸ்குவால்தோ, மனைவியை இழந்தவர். இரண்டு வருஷம் முன்பு என்னைப் பெண் கேட்டார். நான் மாட்டேன் என்றேன். எனக்கு நிச்சயமானது மோமோலோவோடு. அவர் செப்டம்பரில் அடுத்தவர் படகில் கூலிக்காரராகக் கடலுக்கு அக்கரையில் தல்மாத்தியா பக்கம் மீன்பிடிக்கப் போயிருக்கிறார். குருத்தோலை ஞாயிறுக்குள் திரும்பிவிடுவார். அதற்குள் இந்தப் படத்தைச் சரிசெய்யுங்கள். கன்னியர் மடத்துச் சகோதரிகள் எனக்கு எழுத்துச் சொல்லித்தந்தது ஜெபப் புத்தகம் படிக்க. இந்த மாதிரிக் கடிதம் எழுத வைத்துவிட்டீர்கள்.

கத்தீனா வரன்யோலோ

*

வெனிஸ், 12 பிப்ரவரி

அன்புள்ள கத்தீனா,

நாற்காலிக்கு ஆயிரம் மன்னிப்பு. அதன்மேல் வர்ண டப்பாக்களை வைத்திருக்கிறேன். துடைத்து அனுப்புகிறேன்.

படத்தைப் பற்றி நீ கோபப்படுவது எனக்குப் புரியவில்லை. நான் எப்படி வேலை செய்கிறேன் என்று சொன்னால் கோபம் ஆறலாம். கோடையில் ஊர் ஊராகப் போய் முகம் ஓர் இடத்தில், கை ஓர் இடத்தில், சுவர் ஓர் இடத்தில் என்று தனித்தனியாக வரைந்து சேர்ப்பேன். குளிர்காலத்தில் வெனிசில் அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே படமாக்குவேன். உங்கள் சேவல் பாய் பழசு, சேற்று நிறம். உன் கறுப்பு உடைமேல் அதை வைத்ததும் படம் செத்துப்போயிற்று. அதே வாரம் துறையில் ஒரு காவி நிறப் பாயில் சிவப்பு நட்சத்திரம் காய்ந்துகொண்டிருந்ததையும் வரைந்து வைத்திருந்தேன். அதை உன் மடியில் போட்டதும் படத்துக்கு உயிர் வந்துவிட்டது.

இருபது வருஷமாக மீன்காரிகளையும் துணி துவைப்பவர்களையும் வரைகிறேன். தேவதையையும் ராணியையும் வரைகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போதுதான் முதல் தடவையாக மிலான் கண்காட்சியில் என் படத்துக்கு முன்னால் ஜனங்கள் நிற்கிறார்கள். திரியெஸ்தே வியாபாரி ஒருவர் வாங்கவும் சம்மதித்துவிட்டார். எல்லாரும் பேசுவது உன் பார்வையைப் பற்றி. "ஊசியப் பாரு, ஊசியப் பாரு" என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். நீ படகுகள் கடலுக்குப் போகிற துறைவாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். கடைசியில் தோற்றுப்போய் நீ பார்த்தபடியே வரைந்தேன்.

படம் என்பது படம்தான், கல்யாணப் பதிவு அல்ல. பெருமைப்படு.

எஜிதியோ

*

கியோஜா, 20 பிப்ரவரி

ஐயா,

பெருமைப்பட்டுப் பார்த்தேன். எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

ஸ்குவால்தோ அந்தப் பத்திரிகைப் பக்கத்தை விலைக்கு வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, துறைமுகத்து ஒயின் கடையில் மாட்டியிருக்கிறார். உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் அவர் செலவில் ஒரு கிளாஸ். நான் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டு பினா மட்டும் நிறுத்தவில்லை. "ஊசி எடம் குடுக்காம நூல் நொழையுமாடி? நீ உக்காராமலா அந்த மனுஷன் வரைஞ்சான்?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டாள். நான் உட்கார்ந்தது உண்மை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அப்பா முதலில் கத்தினார். கத்தியதோடு விட்டிருந்தால் தேவலை. பிறகு யோசிக்க ஆரம்பித்தார். நேற்று மீன்கூடைமேல் உட்கார்ந்தபடி சொன்னார்:

"யோசிச்சுப் பாரும்மா. ஸ்குவால்தோவுக்கு மூணு படகு. மோமோலோவுக்கு என்ன இருக்கு? ஒரு தொப்பி. இத்தாலி பூராவும் உன்னைப் பென்ஸோ வீட்டுப் பொண்ணுன்னு பாத்தாச்சு. நாம ஏன் பொய்யாக்கணும்?"

"நான் அழுதா பொய்யாகுமா, செத்தா பொய்யாகுமா?" என்றேன்.

"ரெண்டும் வேணாம். ஈஸ்டர் வரைக்கும் பாப்போம்" என்றார்.

தல்மாத்தியாவில் இருந்து படகுகள் வந்து போகின்றன. சேதியும் கூடவே போகும். மோமோலோவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தக் கதை யார் வாயில் போய் அவர் காதில் விழப்போகிறதோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்களுக்கு அந்த நட்சத்திரம் வெறும் சிவப்பு. எங்களுக்கு அது வீட்டுப்பேர். நீங்களே வந்து, ஒயின் கடையில் நாலு பேர் முன்னால், "நான்தான் மாற்றிப் போட்டேன்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

கத்தீனா

*

வெனிஸ், 8 மார்ச்

கத்தீனா,

பதில் எழுதத் தாமதமானது. உண்மையைச் சொன்னால், எழுத உட்கார்ந்து இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். இரண்டிலும் என்னையே நியாயப்படுத்திக்கொண்டிருந்தேன்.

சாம்பல் புதனன்று மீன் சந்தைக்குப் போனேன். உங்கள் ஊர்ப் படகு ஒன்று கணவாய் இறக்கிக்கொண்டிருந்தது. பத்திரிகைப் படத்தை எடுத்து ஒரு கிழவரிடம் நீட்டினேன். என் பெயரைச் சொல்லவில்லை. படம் நன்றாயிருக்கிறதா என்றுதான் கேட்டேன். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. "பென்ஸோ மருமக போலிருக்கு. சின்னப் பொண்ணால்ல இருக்கு, பாவம்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கினார்.

உன் பார்வையை வரைய நான் பட்ட பாட்டை எல்லாம் அந்த நட்சத்திரம் ஒரு நொடியில் தின்றுவிட்டது. இருபது வருஷம் எளிய மனிதர்களை உள்ளபடி வரைகிறவன் என்று மார்தட்டியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வரும் செவ்வாய் காலைப் படகில் வருகிறேன். நீ சொன்ன கடையில், நீ சொன்னதைச் சொல்கிறேன்.

எஜிதியோ

*

கியோஜா, 20 மார்ச்

ஐயா,

வந்தீர்கள். வந்ததற்கு நன்றி. வராமலே இருந்திருந்தால் இன்னும் நன்றி.

நான் கடை வாசலில் பினாவோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். உள்ளே நுழைந்ததும் ஸ்குவால்தோ எழுந்து நின்று உங்களுக்கு நாற்காலி போட்டார். ஒயின் கொடுத்தார். "என் பாயை ராஜாமாரெல்லாம் பாக்கிற மாதிரி பண்ணிட்டீங்களே" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். நீங்கள் குடித்தீர்கள். ஒரு கிளாஸ் குடித்தால் போதாதா? பிறகு எழுந்து, எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் புரியாத, புத்தகத்தில் எழுதுகிற இத்தாலியனில், வர்ணத்தின் தேவை என்றும் கலைஞனின் சுதந்திரம் என்றும் ஏதோ பிரசங்கம் செய்தீர்கள். மாற்றிப் போட்டேன் என்று நேராகச் சொல்லவே இல்லை. எல்லாரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்கள், முடிந்ததும் கை தட்டினார்கள்.

ஊரில் இப்போது என்ன பேச்சு தெரியுமா? கல்யாணத்துக்கு ஓவியரே வெனிசிலிருந்து வந்து வாழ்த்திவிட்டுப் போனார் என்று. அப்பாகூட, "பெரிய மனுஷன், அடக்கமாப் பேசினாரு" என்கிறார்.

நாற்காலியையும் கொண்டுவரவில்லை.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் திரும்பிப்போகிற படகில் ஏறும்போது, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, "கெடுத்துட்டேன் இல்ல?" என்று கேட்டீர்களே, அப்போது உங்கள் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நல்ல மனுஷர்தான். கடலில் இறங்கக்கூடாத நல்ல மனுஷர்.

இனி நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். மோமோலோ வரட்டும். வந்து என் முகத்தைப் பார்த்து அவர் நம்பினால் பிழைப்பேன். நம்பாவிட்டால் நட்சத்திரப் பாயைத்தான் தைக்க வேண்டும்.

கத்தீனா

*

வெனிஸ், 4 ஏப்ரல்

கத்தீனா,

எதுவும் செய்ய வேண்டாம் என்றாய். செய்துவிட்டேன்.

மிலானிலிருந்து படம் திரும்பி வந்தது. திரியெஸ்தேவுக்கு அனுப்புமுன் ஒரு வாரம் என் அறையில் இருந்தது. முதல் நாள் அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். இரண்டாம் நாள் திருப்பிப் பார்த்தேன். மூன்றாம் நாள் கத்தியை எடுத்து நட்சத்திரத்தைச் சுரண்டினேன். பாய் இருந்த இடம் முழுவதும் இப்போது வெறும் துணி. உன் கையில் ஊசி இருக்கிறது, மடியில் ஒன்றும் இல்லை.

வியாபாரி வந்து பார்த்தார். "ஓட்டை விழுந்த படத்த நான் என்னய்யா பண்றது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். என் நண்பர்கள் எனக்குப் பைத்தியம் என்கிறார்கள். எனக்கென்னவோ, இந்தப் படத்தில் நான் செய்த நேர்மையான வேலை அந்தச் சுரண்டல் ஒன்றுதான் என்று படுகிறது.

சேவல் பாயை ஏன் திரும்பப் போடவில்லை என்று கேட்பாய். தூரிகையை எடுத்தேன். நீ சேவல் வீட்டில் இருக்கப்போவது இன்னும் கொஞ்ச நாள்தானே என்று தோன்றியது. அடுத்து எந்தப் பாயைத் தைப்பாய் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை நானாக ஒன்றைப் போட மாட்டேன். நீ சொல்லும்வரை அந்த இடம் காலியாகவே இருக்கும்.

எஜிதியோ

*

கியோஜா, 15 ஏப்ரல், பெரிய வாரத் திங்கள்

ஐயா,

உங்கள் கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டே பத்து நாள் திரிந்தேன். ஓர் ஓட்டையை நினைத்து ஒருத்தி சந்தோஷப்படுவாள் என்று யாராவது சொன்னால் நம்பியிருக்க மாட்டேன்.

மோமோலோ சனிக்கிழமை வந்தார். கரையில் இறங்கிய உடனே, வீட்டுக்குக்கூட வராமல், நேராக ஒயின் கடைக்குப் போனார். வழியிலேயே சேதி கேட்டிருக்கிறார். கடை முழுக்க ஆள். அப்பாவும் உள்ளே. நான் வாசலில் நின்றேன்.

மோமோலோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"என்ன தம்பி, படம் எப்படி?" என்று ஸ்குவால்தோ கேட்டார்.

"நல்லா வந்திருக்கு அண்ணே. பாய் உங்களுதுதான், சந்தேகமே இல்ல. ஆனா இவ பாயப் பாக்கலையே."

"பின்ன எதைப் பாக்கிறாளாம்?"

"துறைவாயப் பாக்கிறா. செப்டம்பர்ல நான் அந்த வழியாத்தான் போனேன்." திரும்பி எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "பாய் அண்ணனோடது, பார்வை என்னோடது. அண்ணன் பாயை வெச்சுக்கட்டும்."

முதலில் சிரித்தது யார் தெரியுமா? பினா. அவள் சிரித்ததும் கடையே சிரித்தது. ஸ்குவால்தோ காது சிவந்து நின்றார். பிறகு அவரும், "போடா, கெட்டிக்காரப் பயலே" என்று ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். அவரும் கெட்டவர் இல்லை, தனியாக இருக்கிறார், அவ்வளவுதான்.

ஆக, என்னைக் கெடுத்ததும் உங்கள் படம்தான், காப்பாற்றியதும் அதுதான். நான் ஊசியைப் பார்க்காததற்கு எவ்வளவு திட்டினீர்கள்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா கூடைமேல் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். "பார்வையெல்லாம் சரி. பார்வைய பாய்மரத்துல கட்டினா படகு போகுமா? பாய் இல்லாதவனுக்குப் பொண்ணு இல்ல."

மோமோலோ தயங்கவில்லை. படகுப் பட்டறையில் பழைய படகு ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. பிடிக்கிற மீனில் பங்கு தந்தால் போதும் என்று பட்டறைக்காரர் அதைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். மோமோலோவும் அவர் கூட்டாளியும் இன்று காலையிலிருந்து தார் பூசுகிறார்கள். துணி வாங்கி நான் பாய் தைத்துவிடுவேன். குறிதான் இல்லை. மோமோலோ தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவர். அவர் வீட்டுக்கென்று பாய் இருந்ததே இல்லை. புது வீட்டுக்குப் புதுக் குறி வேண்டும்.

நீங்கள் வந்து போட்டுத் தருவீர்களா? ஒரு பாயைக் கெடுத்தவருக்கு இன்னொரு பாய் போடக் கடமை உண்டு.

கத்தீனா

*

வெனிஸ், 22 ஏப்ரல்

அன்புக் கத்தீனா,

ஈஸ்டர் வாழ்த்துகள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அறைக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டு நடந்தேன். கீழ்வீட்டுக்காரி என்ன ஆயிற்று என்று கதவைத் தட்டினாள்.

குறிக்கு ஆறு மாதிரி வரைந்து அனுப்பியிருக்கிறேன். சிறகு விரித்த தேவதை, கடலிலிருந்து எழும் சூரியன், வெற்றிமாலை ஏந்திய பெண் முதலானவை. எனக்குப் பிடித்தது தேவதை. சிறகில் ஏழு நிறம் வரும்.

எஜிதியோ

*

கியோஜா, 27 ஏப்ரல்

ஐயா,

தேவதை மாதா கோயில் கூரைக்கு ஆகும். மீன்பிடிக்கப் போகிறவருக்கு எதற்கு ஏழு நிறம்? எங்களிடம் இருப்பது காவியும் சிவப்பும் மட்டும்.

நானும் மோமோலோவும் பேசி முடிவு செய்துவிட்டோம். எங்கள் குறி நாற்காலி. வைக்கோல் நாற்காலி, காலி நாற்காலி. அதில்தானே உட்கார்ந்து நான் துறைவாயைப் பார்த்தேன். அவர் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "கடல்ல நாற்காலி ஓடுதுன்னு ஊரே சிரிக்குமே" என்றார். சிரிக்கட்டும், மறக்காது என்றேன்.

மாதிரி பார்த்து வரைய உங்களிடம்தான் நாற்காலி இருக்கிறது. அதையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். அதை விட்டுவிட்டு வந்தால் உங்களைக் கரையில் இறக்க வேண்டாம் என்று படகுக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

கத்தீனா

*

வெனிஸ், 16 மே

கத்தீனா,

கல்யாணத்துக்கு இருந்துவிட்டு வந்து நாலு நாள் ஆகிறது. நகக்கண்ணில் இன்னும் சிவப்பு போகவில்லை. போக வேண்டாம் என்றும் இருக்கிறது.

தரையில் விரித்த பாய்மேல் முழங்காலிட்டு, கடற்பஞ்சைக் கடல் தண்ணீரில் முக்கி, வர்ண மண்ணைத் தேய்க்க வேண்டும் என்று மோமோலோ காட்டித்தந்தபோது, என் தூரிகைகளை எல்லாம் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். ஒரு காலைக் கோணலாகப் போட்டுவிட்டேன் என்று நான் வருந்தியபோது உன் அப்பா சொன்னாரே, "நம்ம நாற்காலிக்கும் அந்தக் கால் ஆடும்ங்க, சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்று. மிலானில் கிடைத்த எந்தப் பாராட்டையும்விட எனக்கு அது பெரிது. அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார் என்பது இன்னும் பெரிது.

பாய் மேலே ஏறியதும் கரையில் நின்ற பொடிசுகள் "நாற்காலி வீடு, நாற்காலி வீடு" என்று கத்தினார்கள். இனி உன் வீட்டுப்பேர் அதுதான்.

புறப்படும்போது நீ கேட்டாய், படத்தின் ஓட்டையில் இனி நாற்காலிப் பாயைப் போட்டுவிடலாமே என்று. போட மாட்டேன். அந்தப் பாய் புத்தம் புதியது. அதில் தைக்க என்ன இருக்கிறது? முழுசாக இருக்கிற பாயைத் தைக்கிறவளாக உன்னை வரைந்தால் அதுவும் இன்னொரு பொய். எனக்குப் பொய் போதும். படம் சுவரோரம் காத்திருக்கிறது. ஓட்டையோடு இருந்தாலும் எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கிறது.

உன் பாய் கிழியக்கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். கிழிந்தால் எனக்கு எழுத வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன். இரண்டு வேண்டுதலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது எனக்கே தெரிகிறது.

எஜிதியோ

*

கியோஜா, 25 ஜூன்

எஜிதியோ ஐயாவுக்கு,

உங்கள் இரண்டாவது வேண்டுதல் பலித்துவிட்டது.

சனிக்கிழமை மேற்கே கறுத்துக்கொண்டு காற்று அடித்தது. போன படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சேவல் வந்தது. நட்சத்திரங்கள் மூன்றும் வந்தன. நான் துறைச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்குவால்தோ நனைந்த உடையோடு என் பக்கத்தில் வந்து நின்று, "வருவான்மா, கெட்டிக்காரப் பய" என்று சொன்னார், வீட்டுக்குப் போகாமல் கூடவே நின்றார். மழைக்குள் முதலில் தெரிந்தது அந்தக் கோணல் கால்தான். "நாற்காலி வருது" என்று பினா கத்தினாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆளுக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. பாய்தான் மேலிருந்து நடுவரைக்கும் கிழிந்திருக்கிறது. உங்கள் நாற்காலியின் முதுகு இரண்டாகப் போயிற்று.

இன்று காலை வெயில் வந்ததும் பாயைக் காயப்போட்டேன். அப்பாவிடம் சொல்லி நாற்காலியை வாங்கி வந்து எங்கள் வாசலில் போட்டிருக்கிறேன். அந்த ஓட்டைப் படத்தையும் தூக்கிக்கொண்டு அடுத்த படகில் வாருங்கள். நான் வேகமாகத் தைக்கிறவள், உங்களுக்காக மெதுவாகத் தைக்கிறேன்.

இந்தத் தடவை நீங்கள் தலைபாடாய் அடித்துக்கொள்ள வேண்டாம். ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பேன். துறைவாயில் பார்க்க எனக்கு ஒன்றும் இல்லை. அவர் உள்ளே தூங்குகிறார்.

கத்தீனா, நாற்காலி வீடு